என் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவள்

உடம்பை விற்கிறவள் என்று ஊர் என்னைச் சொல்லும். நான் எங்கே விற்றேன்? அது என்னிடமேதான் இருக்கிறது, மூட்டுவலியோடு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். அதனால்தான் குழுவின் முன்னால் பேச எங்கள் பெண்கள் என்னை அனுப்பினார்கள்.

எங்கள் தொழிலைச் சுற்றி எல்லாமே இப்போது குற்றம். அதை என்ன செய்யலாம் என்று கேட்க அரசு அந்தக் குழுவைப் போட்டிருந்தது. லைசென்ஸ் கொடுத்து நடத்த விடுவதா, குற்றம் என்பதையே எடுத்துவிடுவதா என்பதுதான் பேச்சு. என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்கிற கண்ணாடிக்கு லைசென்ஸ் மேல் ஆசை. தடித்த கண்ணாடி போடுவாள், அதனால் அந்தப் பெயர்.

"அட்டையைக் காட்டினா போலீஸ்காரன் வாயை மூடிக்கிட்டுப் போயிடுவான்டி."

"அட்டை இல்லாதவ கதி? பதிவு பண்ண பயப்படுறவ, நேத்து வந்தவ, இவங்களைத்தானே பிடிப்பான்? எனக்கு முத்திரை வேண்டாம். அடிச்சவன் மேல புகார் கொடுக்கப் போனா என்னையே உள்ள வைக்காம இருந்தா போதும்."

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கிறவ நீ."

"கடிக்கிற மாடா இருந்தா?" என்றேன். சிரித்துக்கொண்டே என் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

எனக்கு உள்ளே வேறு பயம். என் மகளுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்தது. நர்சிங் முதல் வருடம். அந்த வாரமே இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து நின்றார். அவரை நாங்கள் தொப்பை என்போம். பார்த்தால் காரணம் புரியும்.

"பொண்ணு பெரியவளாயிட்டா போல. இனிமே உன் காசுல சாப்பிட்டா அவளும் உள்ளதான்."

பொய்யில்லை, சட்டமே அப்படித்தான். எங்கள் சம்பாத்தியத்தில் வாழ்கிறவர், பதினெட்டு முடிந்த யாராயிருந்தாலும் குற்றவாளி. ஒரு வழக்கு வந்தால் கல்லூரி அவளை வெளியே தள்ளிவிடும். மறுநாளே ஹாஸ்டலுக்கு அனுப்பப் பெட்டி கட்டினேன். கட்டியதை அவள் பிரித்து அடுக்கினாள்.

"ஹாஸ்டல் பீஸ் யார் கட்டுவாங்க? நீதானேம்மா? அதுவும் உன் காசுதானே?"

என் வயிற்றில் பிறந்தது, வாய் மட்டும் எங்கே போகும்? குழு விசாரிக்கிற மண்டபம் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று மட்டும் சத்தியம் கேட்டேன். சரி என்று தலையாட்டினாள். சத்தியம் செய்யவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

மண்டபத்தில் எங்கள் முகம் தெரியாமலிருக்க ஒரு நீலத் திரை கட்டியிருந்தார்கள். கீழே என் செருப்பு மட்டும் தெரியும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் கொட்டித் தீர்த்தேன். ஒரு வாடிக்கையாளன் கண்ணாடியின் தாடையை உடைத்ததைச் சொன்னேன். துணைக்கு இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் விபசார விடுதி நடத்துகிறோம் என்று வழக்கு போடுவதைச் சொன்னேன். கைதட்டினார்கள்.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, நல்ல மனிதர். பேச வந்த எல்லாப் பெண்களையும் கேட்டதையே அக்கறையாக என்னையும் கேட்டார்.

"உங்க வருமானத்தை நம்பி வீட்டுல யாரும்மா இருக்காங்க?"

திரை ஓரமாகப் பார்த்தால் வாசலில் காவலுக்குத் தொப்பை நிற்கிறார். மகள் என்று சொன்னால் நானே அவளைக் காட்டிக் கொடுத்ததாகும். யாருமில்லை என்றால் பெற்ற பிள்ளையை இல்லையென்றதாகும். ஆனால் அவள் படிப்பு பிழைக்கும். பிழைக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"யாரும்..."

பின்வரிசையில் நாற்காலி இழுபட்டது.

"நான்தான் சார். எங்க அம்மா சம்பாத்தியத்துலதான் சாப்பிடுறேன், படிக்கிறேன். இந்த ஷூகூட அவங்க வாங்கினது. எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. சட்டப்படி நான் குற்றவாளி."

குழுவிலிருந்த பேராசிரியை பதறிப்போனார். "உட்காரும்மா, நீ சொல்றதெல்லாம் பதிவாகுது."

"பதிவாகட்டும்னுதான் சொல்றேன் மேடம்."

நான் திரையை இழுத்த வேகத்தில் அது கம்பியோடு கையில் வந்துவிட்டது. மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் பார்த்தது அவளை மட்டும்தான். மடக்கழுதை, கல்லூரிச் சீருடையிலேயே வந்து நின்றாள்! வெள்ளை உடை, வெள்ளை ஷூ, நிமிர்ந்த தலை. அவள் பிறந்த அன்றுகூட எனக்கு அத்தனை கர்வம் வந்ததில்லை.

"என் மகள் ஐயா. நான்தான் வளர்த்தேன். இந்தத் தொழில் செய்துதான் வளர்த்தேன்," என்றேன். மைக் தேவைப்படவில்லை.

நீதிபதி தொப்பையைப் பார்த்தார். தொப்பை கூரையைப் பார்த்தார்.

குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. தொப்பை இதுவரை எங்கள் கதவைத் தட்டவில்லை. தட்டினால் போய்த் திறப்பது யார் என்றுதான் எனக்கும் மகளுக்கும் தினமும் சண்டை.