என் டம்ளருக்கு வந்த சம்பந்தம்

இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய்யா இருந்தாலும், நாளையிலேருந்து நான் குடிக்கிற ஒவ்வொரு டீயும் திரிஞ்சு போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் என்கிட்ட கெடையாது.

எங்க தேவகோட்டைப் பக்கம் பழைய பீங்கான் ஜக்கை யாரும் விக்கமாட்டாங்க. மாப்பிள்ளை பாத்துக் கல்யாணம் பண்ணித்தான் குடுப்பாங்க.

மாப்பிள்ளைன்னா எவர்சில்வர்தான். சொம்போ, கூஜாவோ, தூக்குவாளியோ, எதுவா இருந்தாலும் சரி, உடம்புல பேர் வெட்டியிருக்கணும். பேர் வெட்டாத பாத்திரத்துக்கு ஊரு பேரு தெரியாதவன்னு பொண்ணு தரமாட்டாங்க. பிளாஸ்டிக்கைப் பத்திப் பேசவே வேணாம். அது கடைசி வரைக்கும் பிரம்மச்சாரிதான்.

கல்யாணம் ஆயிட்டா அந்தப் பாத்திரம் அடுப்படிப் பக்கம் வராது. ஷோகேஸ்ல பொண்டாட்டி பக்கத்துல உக்காந்துக்கும். அதைப் போயி சாம்பார் மோக்கக் கூப்பிட்டா சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?

என் சம்சாரம் மீனாளுக்குப் பழைய பீங்கான் ஜக்குன்னா உசிரு. பூப்போட்டது, பொன்கோடு போட்டது, தொப்பை பெருத்தது, கழுத்து நீண்டதுன்னு ஷோகேஸ் முழுக்க மருமகளுங்க. நான் லோடு ஆட்டோ ஓட்டிட்டுப் பசியோட வீட்டுக்கு வந்தா, தண்ணி மோக்கச் சொம்பு இல்ல. சொம்புக்குப் போன தைமாசம் கல்யாணம். குழம்பு ஊத்த வாளி இல்ல. வாளி ரெண்டு பொன்கோடு ஜக்குக்கு நடுவுல மாட்டிக்கிட்டு எந்தப் பக்கமும் திரும்ப முடியாம உக்காந்திருக்கு. அது ஒரு தனிக்கதை, அதை விடுங்க.

புதுசா ஒண்ணு வாங்கலாமேம்பீங்க. நானும் வாங்கினேன். பாத்திரக்கடை வாசல்லயே தரகர் ராக்கப்பன் ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு. பில்லு போட்டுப் பேர் வெட்டி வெளிய வர்றதுக்குள்ள, "தம்பி, பையன் என்ன வெயிட்டு, யார் பேரு வெட்டியிருக்கு?"ன்னு கேப்பாரு. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மீனாளுக்குப் போன் போயிரும்.

கடைசில எனக்குன்னு மிஞ்சுனது ஒரே ஒரு டீ டம்ளர். எங்க தாய்மாமன் சாத்தையா தன் பேரையே வெட்டி என் கல்யாணத்துக்குக் குடுத்தது. இடுப்புல ஒரு நசுங்கல், அதுல என் பெருவிரல் சரியா உக்காரும். அந்த டம்ளர்ல குடிச்சாத்தான் எனக்கு டீ டீயா இருக்கும். மத்ததுல குடிச்சா வெந்நீர். அதை மட்டும் கேக்காதேன்னு மீனாள்கிட்ட சொல்லிவச்சிருந்தேன்.

ஆனி மாசம் பொறந்துச்சு. மீனாள் தலைநிறையப் பூ வச்சுக்கிட்டு வந்து நின்னா.

"ஏங்க, காரைக்குடியில ஒரு ஜக்கு இருக்காம். நீலப்பூவாம். ஒத்தைப் பொண்ணாம்."

"மாப்பிள்ளைக்கு எங்கடி போவே?"

அவ என் கையைப் பாத்தா. கையில டம்ளர். டம்ளர்ல பாதி டீ.

"வயசு ஆகிட்டே போகுதுங்க. எத்தனை நாளைக்கு உங்க வாயிலயே வச்சுக்கிட்டு இருப்பீங்க?"

பொண்ணு பாக்கப் போனோம். போயி எதையாவது சொல்லிக் கெடுத்துவிட்டுட்டு வந்துரலாம்னு ஒரு தைரியத்துலதான் நானும் போனேன். பொண்ணோட அப்பா அடைக்கலம், நல்ல வாட்டசாட்டமான ஆளு. வீட்டுல எவர்சில்வரே கெடையாது, எல்லாம் பீங்கான். ஜக்கை மேசையில வச்சுக் கைப்பிடியில ஒரு முழம் மல்லி சுத்தியிருந்தாங்க. நல்ல லட்சணம். மூக்கு மட்டும் லேசா எடப்பக்கம்.

"பாடத் தெரியுமா?"ன்னு மீனாள் கேட்டா.

அடைக்கலம் நகத்தால ஜக்கு வயித்துல ஒரு தட்டு தட்டுனாரு. 'ணங்ங்ங்'னு ஒரு சத்தம். நாங்க பஜ்ஜி தின்னு முடிக்கிற வரைக்கும் நிக்கல. உள்ள விரிசல் இருந்தா 'டொக்'குன்னு அடங்கிரும், அதெல்லாம் எனக்கும் அத்துப்படி ஆயிருச்சு. மீனாள் கண்ணை மூடிக் கேட்டா. அப்புறம் பொண்ணைக் கவுத்து அடியில என்ன முத்திரை, எந்தக் குலம்னு பாத்தா. அது பொம்பளைங்க பாக்குறது. நானும் அடைக்கலமும் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டோம்.

அதான் சமயம்னு ஆரம்பிச்சேன்.

"மறைக்கக் கூடாது பாருங்க. எங்க பையன் விடிஞ்சதுலேருந்து குடிப்பான்."

"என்னது?"

"டீ."

"டீதானே."

"பொசுக்குன்னு சூடாயிருவான். கிட்ட போக முடியாது."

"எங்க புள்ள தாங்கும் சம்பந்தி. கொதிக்கக் கொதிக்க ஊத்திப் பாருங்க, ஒரு வார்த்தை பேசாது."

"இடுப்புல ஒரு நசுங்கல் வேற."

அடைக்கலத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "எங்க புள்ளைக்கும் மூக்கு கோணல்தான். வந்தவன் எல்லாம் தங்கம் வைரம்னு அளந்துட்டுப் போனான். நீங்கதான் உள்ளதை உள்ளபடி சொன்னீங்க. இந்த மனசு போதும்."

முடிஞ்சுபோச்சு. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

திரும்பி வர்றப்ப ஆட்டோவுல ஒரு யோசனை வந்துச்சு. ஆனி முடிஞ்சா ஆடி. தலை ஆடிக்குப் புதுப்பொண்ணைத் தாய்வீட்டுக்காரங்க கூட்டிட்டுப் போயிருவாங்க. மாப்பிள்ளைக்கு விருந்து போட்டுத் தனியா அனுப்பிருவாங்க. பொண்டாட்டி இல்லாம ஷோகேஸ்ல அவனுக்கு என்ன வேலை? மாசம் பூரா எங்கூட டீ குடிப்பான். ஆடி முடியிறப்ப அவன் பழக்கத்தை மாத்தி அடுப்படியிலயே வச்சுக்கலாம்.

அதனால ஆனியிலயே கல்யாணத்தை வைங்கன்னு நானே அவசரப்படுத்தினேன். மீனாள் என்னை ஒரு மாதிரி பாத்தா. "என்ன, திடீர்னு புள்ளை மேல அக்கறை?"ன்னா. கல்யாணமும் நல்லாத்தான் நடந்துச்சு. டம்ளருக்குப் புளி போட்டு வெளக்கி, சந்தனப்பொட்டு வச்சு, கூஜாவைத் தோழன் மாப்பிள்ளையா நிறுத்தினோம்.

அன்னையிலேருந்து ஆடி பொறக்குற வரைக்கும் நான் பேப்பர் கப்புல குடிச்சேன். மனுசன் குடிப்பானா அதுல?

ஆடி ஒண்ணாம் தேதி. டம்ளரைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு, ஜக்கை மீனாள் மடியில குடுத்து, காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். தடபுடலான விருந்து. மாப்பிள்ளைக்குத் தேங்காப்பால் ஊத்துனாங்க, வெல்லம் கரைச்சு ஊத்துனாங்க, விளிம்பு வரைக்கும் பாயசம் ஊத்துனாங்க. ஊத்தி ஊத்தி வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, பட்டுத்துணியில தொடைச்சாங்க. என் வீட்டுல அவனைச் சாம்பல் போட்டுத்தான் தேய்ப்போம். எனக்கே கொஞ்சம் வயிறு எரிஞ்சுச்சு.

சாயங்காலம், "சரி சாத்தையா, கெளம்புவோமா?"ன்னு கையை நீட்டித் தூக்கினேன்.

வரல.

ரெண்டு கையால தூக்கினேன். மேசையோட சேந்து கனத்துச்சு. பிடிவாதம் புடிச்சா பாத்திரம் கனக்கும், தெரிஞ்ச விஷயந்தானே.

அடைக்கலம் மெதுவாச் சொன்னாரு. "வற்புறுத்தாதீங்க சம்பந்தி. எங்க வீடும் ஆம்பளைப் பாத்திரம் இல்லாத வீடு. இங்கயே இருந்துட்டுப் போகட்டும்."

"வீட்டோட மாப்பிள்ளையாவா?"

"நாங்க கேக்கல. அவராத்தான் உக்காந்திருக்காரு."

"ஏன்டா, பதினஞ்சு வருஷமா என் வாயிலேருந்து எறங்காதவன், ஒரு பட்டுத்துணிக்கு மயங்கிட்டியே"ன்னு கேட்டேன். அவன் மினுமினுன்னு இருந்தான். அதுல என் மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு, அதுவும் நசுங்கி.

திரும்பி வர்ற வழி பூரா மீனாள் அழுதா. "புள்ளையை விட்டுட்டு ஸ்டீரிங்கைப் புடிச்சு ஓட்டிக்கிட்டு வர்றீங்களே, உங்களுக்கு நெஞ்சே இல்லையா?"ன்னா. நெஞ்சு இருக்குடி, டம்ளர்தான் இல்லன்னேன். அதுக்கு வேற மூணு நாள் பேசல.

அப்புறம் நான் போகாத நாள் இல்ல. காரைக்குடிப் பக்கம் லோடு இல்லைன்னாலும் காலி வண்டியை ஓட்டிக்கிட்டுப் போவேன். அடைக்கலம் மரியாதையா உக்காரவச்சுப் பீங்கான் கப்புல டீ குடுப்பாரு. எதுத்தாப்புல டி.வி. பக்கத்துல ஜக்கும் அவனும் தோளோட தோள் ஒட்டி உக்காந்திருப்பாங்க. ஒரு தடவை, "ஒரே ஒரு வாய், அவன்ல ஊத்திக் குடுங்க"ன்னு கேட்டுப் பாத்தேன். அடைக்கலம் சம்சாரம் பதறிப்போயி, "மாப்பிள்ளைங்க அவரு!"ன்னுச்சு.

பங்குனியில போன் வந்துச்சு. குழந்தை பொறந்திருக்கு.

மீனாள் பழைய கோபத்தை எல்லாம் மறந்து வசம்பும் கருவளையும் வாங்கிக்கிட்டு ஓடினா. நானும் போனேன். மடியில வாங்கிப் பாத்தேன். பீங்கான் உடம்பு, நீலப்பூ, விளிம்புல மட்டும் எவர்சில்வர் கோடு. அம்மா மாதிரி சின்னதா ஒரு மூக்கு, எடப்பக்கம் சாஞ்சு. அப்பன் மாதிரி இடுப்புல ஒரு நசுங்கல். பெருவிரலை வச்சுப் பாத்தேன். சரியா உக்காந்துச்சு.

கவுத்துப் பாக்கலாமான்னேன். தாத்தா நீங்க, பாக்கலாம்னாங்க. அடியில முத்திரை இருக்குற எடத்துல பேர் வெட்டியிருந்துச்சு. சேவுகன். என் பேருங்க அது.

நிமித்தி மடியில வச்சுக்கிட்டேன். மெதுவா, "ஒரு டீ..."ன்னேன்.

"ஒரு வருஷத்துக்குச் சூடு ஆகாது சம்பந்தி. பச்சை உடம்பு"ன்னாரு அடைக்கலம்.

அதுவும் நியாயந்தான். காத்துக்கிட்டு இருக்கேன்.

இதுதாங்க நடந்தது. இவ்வளவு நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசியிருக்கேன், சும்மா எந்திரிச்சுப் போனா எப்படி? ஒரு டீ போடுங்க. பேப்பர் கப்பு ஆகாது, உங்க வீட்டு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்துங்க. பேர் வெட்டியிருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. குடிச்சு முடிச்சதும் டம்ளரை நான் எடுத்துக்கிட்டுப் போயிருவேன். மீனாள் நேத்து ஒரு பச்சை ஜக்கைப் பாத்துட்டு வந்திருக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நீங்கதான்னு நான் வாக்குக் குடுத்துட்டேன்.