மலையில் ஈ எழும்பும் நேரம்

காலை ஆறு மணிக்கு நேசபாய்க்கு இரண்டு வேலை உண்டு. வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு இடையில் நிற்கும் பன்னிரண்டு தேன்பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்து வருவது ஒன்று. பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம், ஈக்கள் வாசலை விட்டுக் கிளம்பிவிட்டனவா என்று பார்த்தால் போதும். மற்றது, போனை எடுத்துத் தவமணி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய குரலைக் கேட்பது.

தவமணியை அவள் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. ஊட்டி மலையில் கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து நின்றுவிட்டவள், ஒரே ஒரு தேன்பெட்டி வைத்திருந்தாள், அவளும் தனியாள். தேனீ வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வருஷம் ஒரு சந்தேகம் கேட்டாள், நேசபாய் பதில் சொன்னாள், அப்படித் தொடங்கிய பழக்கம். குழுவில் நேசபாய்க்கு மார்த்தாண்டத்து அக்கா என்று பெயர். முந்நூறு பேர் இருக்கிற இடத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வீட்டிலோ மறுபேச்சுப் பேசவே ஆள் கிடையாது. வீட்டுக்காரர் கல்லறைக்குப் போய் ஆறு வருஷம். மகன் பிரபின் மஸ்கட்டில். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் வீடியோவில் முகம் காட்டுவான், பேத்தி கையை ஆட்டிவிட்டு ஓடிவிடும். மீதி ஆறு நாளும் அவள் தொண்டைக்கு வேலை கொடுத்தது தவமணி ஒருத்திதான்.

போன கிறிஸ்மஸ் கழிந்த வாரம் தவமணியின் குரல் கவலையாக வந்தது.

"அக்கா, மணி ஒம்பதாகியும் ஈ வெளிய வரமாட்டேங்குதுங்க. உள்ளுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குது. சீக்கா இருக்குமோ?"

நேசபாய் யோசிக்கவே இல்லை. விடிந்த பிறகும் கிளம்பாத கூட்டம் என்றால் ராணி கிழடாகிவிட்டாள் என்று அர்த்தம். முப்பது வருஷமாகக் கண்ணால் கண்டது ஆயிற்றே.

"ராணிக்கு வயசாயாச்சு பிள்ளே. பாவம் பாக்காத, நசுக்கிப் போடு. பதினாறு நாளில அதுகளே புதுசு ஒண்ணை உண்டாக்கிக்கிடும்."

"கொல்லணுமாக்கா?"

"ஒரு நிமிஷ வேலை."

மறுநாள் தவமணி, "செஞ்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஒரு மாசம் போல ஆனதும் நல்ல சேதி வரத் தொடங்கியது. எட்டரைக்கே எழும்பிவிட்டன என்றாள். அப்புறம் எட்டு. ஒருநாள் காலையில் ஏழு. "நீங்க சொன்னது சரியாப் போச்சுங்கக்கா!"

அந்தச் சந்தோஷத்தோடுதான் நேசபாய் தேன் டின்னைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். ரப்பர் தளிர்த்துத் தேன் இறங்கும் மாசம், அங்கே நல்ல கூட்டம். நடுவில் ஜான்ரோஸ் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றான். பெட்டிகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு வைக்கிறவன் அவன். இந்தத் தடவை ஊட்டிப் பக்கம் இருபது பெட்டி கொண்டுபோய், ஐந்தோடு திரும்பியிருந்தான்.

"என்னலே ஜான்ரோஸ், ஊட்டிக்குத் தேனிலவு போன ஈயெல்லாம் திரும்பி வரமாட்டேன்னுட்டா?" என்றார் எடை போடுகிற சுயம்புராஜ்.

"சிரியாதேயும் அண்ணாச்சி. நம்ம ஈக்கு ஆறு மணி அடிச்சா இருப்புக் கொள்ளாதுல்லா? அங்கேயும் அந்த நேரத்துக்கே இறங்கிச்சு. வெளிய கண்ணு தெரியாத பனி. சிறகு விறைச்சு, பெட்டி முன்னாடி பூரா விழுந்து கெடந்துச்சு."

"அப்போ அந்த ஊரு ஈ என்ன செய்யுது?"

"அது கலெக்டராக்கும். ஒம்பது, ஒம்பதரைக்குத்தான் ஆபீசுக்கு இறங்கும். வெயில் ஏறாம வாசலை எட்டிக்கூடப் பாக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நேசபாய் டின்னைக் கீழே வைத்தாள்.

"அது சீக்கு இல்லியா?"

"என்ன சீக்கு அக்கா? அங்கத்த ஈக்குக் குணமே அதுதான்."

"கிறிஸ்மஸ் கழிஞ்ச நேரம் அங்க ராணியை எடுத்தா?"

"பனிக்காலத்திலயா? கூட்டம் அழிஞ்சுபோவும். புதுசு பிறந்தாலும் இணைசேர ஆண் ஈ வேண்டாமா? எந்த மண்டன் அப்படிச் செஞ்சது?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு வந்தவள் சேலைகூட மாற்றாமல் அடுக்களையில் உட்கார்ந்தாள். வாய் திறக்காமல் இருந்தால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ஏழு மணிக்கு எழும்பிவிட்டன என்றுதானே தவமணி சொன்னாள், எப்படியோ பிழைத்துக்கொண்டன, அப்படியே விட்டுவிடலாம். சொன்னால் நாளைக்கு ஆறு மணிக்கு அந்தக் குரல் வராது. வேறு எந்தக் குரலும் வராது. ஆனாலும் ஒரு பாவமும் அறியாத ஜீவனைக் கொல்லச் சொன்ன வாய் இதுதானே? மூன்று தடவை பொத்தானை அழுத்திப் பேசத் தொடங்கி, மூன்று தடவையும் அழித்தாள். நாலாவது தடவை அழிக்காமல் அனுப்பிவிட்டாள்.

"பிள்ளே, நான் ஒனக்கு ஒரு தப்புச் செஞ்சிட்டேன். ஒன் ஈக்கு ஒரு சீக்கும் இல்லை. அந்த ராணியும் நல்ல ராணி. ஒங்க மலையில அதுக எழும்புற நேரமே ஒம்பது மணியாம். நான் இங்க உள்ள ஈயை மட்டும் கண்டவ, எல்லா ஊரிலயும் இப்படித்தான்னு நினைச்சிட்டேன். என்மேல வெறுப்பு வந்தாலும் நான் குத்தம் சொல்லமாட்டேன்."

கேட்டுவிட்டாள் என்று நீல டிக் வந்தது. தவமணி பேசுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"அக்கா... நானும் ஒண்ணு மறைச்சுட்டேங்க. ஈயெல்லாம் போய் மூணு வாரம் ஆச்சு. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சு, ஒருநாள் பாத்தா பெட்டி காலி. அதைச் சொல்லிட்டா அப்புறம் எதுக்கு எங்கூடப் பேசப்போறீங்க? அதான் எட்டரை, எட்டு, ஏழுன்னு நானா ஒரு மணியைச் சொல்லிட்டு இருந்தேன்."

நேசபாய் அதை இரண்டு தடவை கேட்டாள். மூன்று வாரமாகத் தினமும் காலியான பெட்டிக்குச் சுகம் விசாரித்திருக்கிறாள். அங்கே ஒருத்தி, இன்றைக்கு எத்தனை மணி சொல்லலாம் என்று தினமும் யோசித்திருக்கிறாள்.

முதலில் ஓடிய நினைப்பு, நம் பெட்டியில் நல்லதாக ஒன்றை பஸ் ஏற்றி அனுப்பிவிடலாம் என்பது. உடனே ஜான்ரோஸ் சொன்ன பனி நினைவில் வந்தது. இங்கத்த ஈ அங்கே வாழாது. அங்கே அனுப்ப அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

"மறுபடி வளக்கணும்னா அந்த மலை ஈயாப் பாத்து வாங்கு," என்றாள். "வாங்கலேன்னாலும் பரவாயில்ல. இனி நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன். நீ சொல்லு, நான் கேக்கேன்."

"எதைச் சொல்லக்கா? இங்க ஒண்ணும் இல்லீங்களே."

"ஒண்ணும் இல்லாததைச் சொல்லு பிள்ளே."

கொஞ்ச நேரத்தில் நாலு நிமிஷ நீளத்தில் ஒரு குரல் வந்தது. நேசபாய் போனை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருதரம்தான் வருகிறதாம். பக்கத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். காலி பெட்டியை உள்ளே எடுத்து வைக்க மனசு வரவில்லையாம். மூன்று நிமிஷத்தில் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கத்தான் தவமணிக்கு மனமில்லை போல. அப்புறம் ஒரு நிமிஷம் முழுக்க மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. நேசபாய் அதையும் கடைசி வரை கேட்டாள்.