காதுக்கு எட்டாத தூரம்

அப்பாவின் அறைக்கு வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நாலடி நடந்த பிறகுதான் மகளுக்கு உறைத்தது, எழுந்து உட்காரவே முடியாத மனிதருக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று. திரும்பிப் போய் நீக்கினாள். நினைவு தடுமாறி அவர் நடுத்தெருவில் போய் நின்ற நாட்களில் மாட்டியது அது. அவர் கால் ஓய்ந்த பிறகும் இவள் கை பழக்கத்தில் இழுத்துவிட்டுவிடுகிறது.

இதே மனிதர்தான் மாவட்டத்துச் சிறைகளுக்கும் போதை மறுவாழ்வு இல்லங்களுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கும் சுயேச்சைக் குழுவில் இருந்தவர். தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சம்பளமில்லாத இந்த வேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். போனதும் நேராகச் சமையற்கட்டுக்குள் நுழைந்து அண்டாவின் மூடியைத் திறப்பார். காவலர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மூடி சார்'. மறுவாழ்வு இல்லத்தில் வெளித்தாழ்ப்பாள் போட்ட அறை ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால், அந்த இல்லத்துக்காரருக்கு அன்றைக்குப் பொழுது நன்றாக விடியவில்லை என்று அர்த்தம். அவருக்கே தாழ்ப்பாள் வாங்கி மாட்டிய அன்று மகள் அழுதுகொண்டேதான் திருகாணியை முடுக்கினாள். வேறு வழி தெரியவில்லை.

பதினோரு மணி வாக்கில் தம்பி வந்தான். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டதால் லீவு போட்டிருந்தான். எப்போதும்போல் கையில் ஆப்பிள் பை இருந்தது.

"அப்பாவுக்குத் தண்ணியே இறங்கலடா. ஆப்பிள யாரு திங்கறது?"

"நீ சாப்பிடுக்கா. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"ஒரு குறையும் இல்ல."

ஒவ்வொரு தடவையும் அவன் கேட்பதும் இதுதான், அவள் சொல்வதும் இதுதான். ஒரே ஒரு ராத்திரி நீ முழித்திரு, நான் தூங்கிக்கொள்கிறேன் என்று கேட்க வேண்டுமென்று வெகுநாளாக நினைத்திருந்தாள். எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் சொல்லிக்கூடப் பார்த்தாயிற்று. அவன் வந்து நின்றதும் அவனுடைய ஆபீஸும் பிள்ளைகளும் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்து நின்றுவிடும். இவளோ லேப் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவள். வீட்டில் இருப்பவளுக்கு என்ன அசதி என்று யாரும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

மத்தியானம் அப்பா கண்ணைத் திறந்தார். கட்டிலருகே நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"சூப்பரின்டெண்ட் சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

தம்பி பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"உன்னத்தான்டா," என்றாள் அவள். "விசிட் வந்திருக்காரு. கைதிகிட்டத் தனியாப் பேசணுமாம்."

"கைதி யாரு?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க, காதுல விழக்கூடாது," என்றார் அப்பா. தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடத்து ஜன்னலோரம் போய் நின்றான். அந்த வீட்டில் காதுக்கு எட்டாத தூரம் என்று ஓர் இடம் கிடையாது. குளியலறையில் இருமினால் வாசலில் கேட்கும்.

"உக்காரும்மா. பேரெல்லாம் சொல்ல வேண்டாம். இங்க எப்படி நடத்தறாங்க?"

"ஒரு குறையும் இல்ல சார்." அது தானாகவே வாயில் வந்தது.

"எல்லாரும் மொதல்ல இதைத்தான் சொல்லுவாங்க. நான் இருக்கேன். அவசரமில்ல."

மூச்சு வாங்க வாங்கக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் அவர் போக்கிலேயே பேசிவிட்டு உதட்டை நனைக்கலாம் என்றுதான் அவள் பஞ்சை எடுத்து வைத்திருந்தாள். ஆனால் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை காலத்தில் அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார், செத்துப்போன அம்மாவைக் கேட்டிருக்கிறார், வீட்டுக்குக் கூட்டிப் போ என்று சொந்த வீட்டிலிருந்தே கேட்டிருக்கிறார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"தூங்க விடமாட்டேங்கறாங்க சார்," என்றாள்.

"ம்."

"ராத்திரியெல்லாம் எழுப்பிக்கிட்டே இருக்காங்க. பகல்ல படுத்தா துணி கெடக்கு, சமையல் கெடக்கு. உக்காந்தா எழுந்திரிக்க முடியல சார்."

"பாக்க யாராவது வர்றாங்களா?"

அவள் கூடத்தைப் பார்த்தாள். தம்பி சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

"தம்பி வருவான் சார். ஆப்பிள் வாங்கிட்டு வருவான்."

"வேற என்ன? பயப்படாம சொல்லு."

அவள் பஞ்சைக் கைக்குள் கசக்கினாள். குரல் இறங்கியது.

"சீக்கிரம் முடிஞ்சா தேவலன்னு தோணுது சார்."

"தோணும்மா," என்றார் அப்பா. "உள்ள இருக்கறவங்க எல்லாருக்கும் தோணும். அதையெல்லாம் நாங்க குத்தத்துல சேக்கறதில்ல."

அவளுக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் மெல்ல, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்: "கூட்டத்துல சொல்றேன். சிபாரிசுதான் பண்ண முடியும். உத்தரவு போட எங்களுக்கு அதிகாரம் கெடையாது. அதையும் சொல்லிடணும், நம்ப வச்சி ஏமாத்தக் கூடாது பாரு." பிறகு சமையற்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் கையைக் காட்டுவதற்குள் கண்கள் சொருகிவிட்டன.

அதன்பின் திறக்கவில்லை. விளக்கு போடும் நேரத்தில் மூச்சு நின்றது. தம்பி வாய்விட்டு அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறதே.

இரவெல்லாம் உறவுக்காரர்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டதும் அவள்தான். காலையில் அப்பா இருந்த சிறைப் பார்வைக் குழுவின் தலைவி, ஒரு வக்கீலம்மா, வந்து அப்பாவின் காலருகே சற்று நேரம் நின்றார்.

"கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விசிட் வந்தாரு மேடம்," என்றான். "நல்லா விசாரிச்சாரு."

வேலை எதுவும் மிச்சமில்லாததால் அவள் அப்பாவின் தலைமாட்டில் சுவரோரமாக உட்கார்ந்தாள். விசிறி சுற்றியது. கண் தானாக மூடிக்கொண்டது. யாரோ யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றது கேட்டது.

"பொண்ண எழுப்புங்கப்பா," என்றார் பெரியம்மா. "கடைசியா மொகத்தைப் பாக்க வேணாமா?"

எழுந்திருக்க வேண்டும் என்று அவளும் நினைத்தாள்.

"வேணாம் பெரியம்மா. எழுப்பாதீங்க," என்றது தம்பியின் குரல்.

"என்னடா பேசற? பெத்த அப்பன்டா."

"தூங்கட்டும்னு சொல்றேன்ல."

சரிந்திருந்த அவள் தலைக்கடியில் யாரோ ஒரு தலையணையைச் செருகினார்கள். அப்பாவைத் தூக்க வந்தவர்கள் வெறுங்காலோடு சுற்றி நடப்பது கேட்டது. "மெல்ல, மெல்ல," என்று தம்பி கிசுகிசுத்தான். காலடிகள் கூடத்தைத் தாண்டும்வரை கேட்டன. வாசலைத் தாண்டியது அவளுக்குக் கேட்கவில்லை.