ஏழும் எட்டும் ஐந்து

சவரிராயன் அந்த வேலைக்கு வந்து ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அவனைப் பயமுறுத்தியது ஒரே ஒரு பொய்தான். நேர்முகத் தேர்வில், "கணக்கு மெஷின் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியுங்க" என்று சொல்லிவிட்டான். அப்படி ஒரு சாமானை அதற்கு முன் அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தருமபுரியில் ஒரு புள்ளிவிவர ஆபீஸ் அது. எந்த ஊரில் எத்தனை ஏக்கர் கேழ்வரகு, எத்தனை ஏக்கர் கடலை, மழை எத்தனை அங்குலம் என்று கூட்டிப் பெருக்கி மெட்ராசுக்கு அனுப்புவார்கள். அவன் பதவியின் பெயரே மெஷின் ஆபரேட்டர். இரண்டு வருஷம் தற்காலிகம், அதற்கப்புறம் பர்மனென்ட். பொய் தெரிந்தால் நல்லம்பள்ளிப் பக்கம் அப்பனுடைய மானாவாரிக் காட்டில் கடலைக்கொடி பிடுங்கப் போக வேண்டியதுதான். அதுகூடப் பரவாயில்லை. கவர்மெண்டு உத்தியோகம் என்று நம்பிப் பெண் கொடுத்த ராஜமேரியின் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது?

மெஷின் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. எண்ணை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் ஜன்னல் மாதிரி இருக்கும் கட்டத்தில் விடை வரும் என்றார்கள். அவனுக்கு முன்னால் அந்த இடம் ரொம்ப நாள் காலியாகக் கிடந்ததால், கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழைய ஆளும் இல்லை. முதல் வாரம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் ஏழையும் எட்டையும் கூட்டிப் பார்த்தான். ஐந்து என்றது. இன்னும் நாலு முறை சுற்றிப் பார்த்தான். ஐந்தேதான். சீமையிலிருந்து வந்த மெஷின் தப்புப் பண்ணுமா, நம் கைதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டான். ஆண்டவன் அவனுக்குக் கணக்கை அள்ளிக் கொடுத்திருந்தார். தைரியத்தைத்தான் கிள்ளிக்கூடக் கொடுக்கவில்லை.

ஆகவே தாளில் போட்டான். பேரேட்டை நிமிர்த்தி மறைப்பாக வைத்துக்கொண்டு, அதன் பின்னால் துண்டுச் சீட்டுகளில் பென்சிலால் எல்லாக் கணக்கையும் போட்டான். காலடிச் சத்தம் கேட்டால் சீட்டு பேரேட்டுக்கு அடியில் போகும், கை கைப்பிடிக்குப் போகும். கடகடவென்று சுற்றுவான்.

ஒருநாள் ஹெட் கிளார்க் பச்சியப்பன் அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டுவிட்டார். பதறிப்போனவன் வாயில் வந்ததைச் சொன்னான். "கலைஞ்சிருச்சுங்க. மறுபடி மொதல்ல இருந்து போடணும்."

"அடடா, தெரியாம கூப்பிட்டுட்டன். நீங்க போடுங்க தம்பி" என்று பின்வாங்கினார் பச்சியப்பன்.

அன்றிலிருந்து கைப்பிடி சுற்றுகிறபோது அவனை யாரும் கூப்பிடுவதில்லை. பியூன்கூட டீயை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போவான். இப்படி ஓர் உழைப்பாளியா என்று ஆபீசே வியந்தது. இவனோ உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். இன்னும் மூன்று மாதம், மாதாவே, இன்னும் மூன்று மாதம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அந்த உழைப்புதான் அவனை மாட்டிவிட்டது. சேலத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மெக்கானிக் மாதையன், போன வருஷம் ஒரு டீயைக் குடித்துவிட்டு, மேலாகத் துணியால் துடைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர். இந்த வருஷமும் அப்படியே போயிருப்பார். ஆபீசர் கிருஷ்ணப்பன்தான் பெருமை தாங்காமல் அறையிலிருந்து வெளியே வந்தார்.

"மாதையன், இந்தத் தரம் நல்லா கழட்டி எண்ணெ போடுங்க. நம்ம ஆளு காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் விடாம ஓட்டறாரு."

மாதையன் திருகாணிகளைக் கழற்றி, மூடியை எடுத்தார். உள்ளே குனிந்தவர் அப்படியே இருந்தார். பிறகு ஒரு சின்னச் சக்கரத்தை விரலால் தொட்டார். ஒரு பல் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் துரு ஏறியிருந்தது.

"இது ஒடிஞ்சு ரெண்டு மூணு வருசம் இருக்கும் போல சார்" என்றார் மெதுவாக. "ஒம்பதைத் தாண்டினா பத்தாம் இடத்துக்குத் தள்ளாது. ஏழும் எட்டும் போட்டா அஞ்சுன்னு காட்டும்."

அப்படியானால் முதல் வாரமே சவரிராயன் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறான். யாராவது ஒருவரைக் கூப்பிட்டு இங்கே பாருங்கள் என்று காட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அதை நினைத்து அழக்கூட நேரமில்லை.

கிருஷ்ணப்பன் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு அவரே கதவைச் சாத்தினார்.

"அப்ப இத்தன நாளா மெட்ராசுக்குப் போன கணக்கெல்லாம் என்னா?"

"கணக்கு சரிங்க சார்" என்றான் சவரிராயன். "எல்லாம் கையில போட்டதுங்க. எனக்கு மெஷின் தெரியாதுங்க. பொய் சொல்லித்தான் வேலைக்கு வந்தன்."

சொல்லிவிட்டான். ஆனால் கிருஷ்ணப்பன் அவனைப் பார்க்கவே இல்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். மெஷின் நல்ல நிலையில் இயங்குகிறது, நேரில் பரிசோதித்தேன் என்று மாதாமாதம் அவர் மேலிடத்துக்கு அனுப்பிய சான்றின் நகல்கள். மெஷின் பக்கத்தில்கூட அவர் போனதில்லை. அடியில் போன வருஷத்து சர்வீஸ் சீட்டில் மாதையன் கையெழுத்து.

"புது மெஷின் கேட்டு எழுதினா, எப்ப ஒடிஞ்சுதுன்னு கேப்பாங்க" என்றார் கிருஷ்ணப்பன்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்" என்றார் மாதையன்.

பிறகு மாதையன், எண்ணெய் போடப்பட்டது, மெஷின் நன்றாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகிவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்.

கிருஷ்ணப்பன் மேஜையில் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். ஒன்று, இரண்டு வருஷம் முடியக் காத்திராமல் இப்போதே சவரிராயனைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லும் சிபாரிசு. இன்னொன்று அந்த மாதத்துச் சான்று. அதில் அவர் கையெழுத்துக்குக் கீழே, மெஷின் ஆபரேட்டர் என்று புதிதாக ஓர் இடம் விட்டிருந்தது.

"இனிமே மாசா மாசம் நீங்களும் போடணும்" என்றார். "வேற ஊருக்கு மாத்தல் கேக்காதீங்க. உங்க எடத்துக்கு வேற ஆளு வந்து ஒக்காரக் கூடாது. வூட்லயும் சொல்லாதீங்க." பேனாவை நீட்டினார்.

நேற்று மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். இதில் போட்டால் ஜெயில்கூட உண்டு என்பது சவரிராயனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் போட்டான்.

அடுத்த மாதத்துக்குள் மெட்ராசிலிருந்து ஆர்டர் வந்துவிட்டது. ராஜமேரி அதைக் கண்ணில் ஒற்றி மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தூக்கத்தில் உளறுகிற புருஷனைப் பார்த்துப் பார்த்துத் தவித்தவள் அவள். சோற்றைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அதான் பர்மனென்ட் ஆயாச்சே. இனிமே என்னாங்க பயம்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வயது இருபத்தாறு. ரிட்டயராகும் ஐம்பத்தைந்து வரைக்கும் இருபத்தொன்பது வருஷம். மாதத்துக்கு ஒரு கையெழுத்து. கணக்கு தானாகவே மனசில் ஓடி நின்றது: முந்நூற்று நாற்பத்தெட்டு. அதில் ஒன்றுதான் முடிந்திருந்தது.