கீழ்முனை பிடித்தவன்

வீடு மாற்றிக் கொடுக்கும் எங்கள் வேலையில் ஆளை எடைபோட ஒரே கேள்விதான். படியேறும்போது பீரோவின் கீழ்முனை யார் கையில்? மேல்முனை பிடிப்பவன் பின்பக்கமாக நடந்து வழி சொல்லுவான், அவ்வளவுதான். பாரம் முழுவதும் கீழே இருப்பவன் நெஞ்சில் இறங்கும். இடையில் அவன் வாயிலிருந்து "இறக்கு" என்ற சொல் வந்துவிட்டால் மறுநாள் அந்த இடம் அவனுக்கு இல்லை. எழுதாத சட்டம். பதினாறு வருடம் நான் கீழே நின்றேன். ஒருமுறையும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

போன வருடம் என் சகலை வெளியூரிலிருந்து பிழைக்க வந்தான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஆறு வயது இளையவன். அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒருநாள் மூன்றாவது மாடியில் என் முழங்கால் நடுங்கியதைப் பார்த்துவிட்டு, "நீங்க மேல போங்கண்ணே, கீழ நான் பாத்துக்கறேன்" என்றான். மறுநாளும் சொன்னான். அதற்கப்புறம் சொல்லவில்லை, நேராகக் கீழே போய் நின்றுகொண்டான்.

"என்ன பெரியவரே, மேல போயிட்டீங்க. ப்ரமோஷனா?" என்றான் வண்டியோட்டி.

சிரித்து வைத்தேன். உள்ளே பற்றி எரிந்தது.

என் உடம்பும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் எங்கோ போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் ஆனால் கண் செருகும். சும்மா நிற்கும்போதே முகம் குப்பென்று சுடும். சட்டை தோளில் தொளதொளத்தது, மார்பில் பிடித்தது. ஒரு பிளேடு மூன்று மாதம் வந்தது. நல்ல பிளேடு என்று நினைத்து அதே கடையில் இன்னொரு கட்டு வாங்கினேன். படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"யாருங்க அவ?" என்று ஒருநாள் வெங்காயம் அரிந்துகொண்டே மனைவி கேட்டாள்.

"எவ?"

"அது தெரிஞ்சா பேரச் சொல்லியே கேட்டிருப்பேனே."

அவளுக்கு இல்லாத ஒருத்தி மேல் பொறாமை. எனக்கு இருக்கிற ஒருத்தன் மேல்.

அந்த ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமை வந்து கேஸ் சிலிண்டரை ஒற்றைக் கையில் தூக்கி மாட்டிவிட்டுப் போவான். "தங்கச்சி வீட்டுக்காரரு வந்தாலே வீடு லேசாயிடுது" என்பாள் மனைவி. இரண்டு பேரும் சமையலறை வாசலில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒருதரம் அவன் என் தாடையையே உற்றுப் பார்த்து, "கடைசியா எப்பண்ணே ஷேவ் பண்ணீங்க?" என்று கேட்டான். அவன் கன்னத்தில் காலையில் மழித்த இடம் அதற்குள் கறுத்திருந்தது. என் ஆண்மையையே குத்திக்காட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

உடை மாற்றும் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே இரும்பு அலமாரி. காலையில் அவன் தோளில் எதையோ பூசிக்கொள்வதை அங்கேதான் பார்த்தேன். அமுக்கினால் களிம்பு வரும் வெள்ளை பாட்டில். மருந்து கொடுத்தவர்கள் பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். சுமைதூக்குவோர் சங்கத்தின் மாலை வகுப்பில் நாற்பத்திரண்டு வயதில் படித்த எழுத்து அதற்குப் போதும். 'காலை, குளித்த பின், இரு தோளிலும்.' எப்படிப் பூசுவது என்று தெரிந்துவிட்டது. எதற்குப் பூசுவது என்று யாரைக் கேட்க வேண்டும்? கண்ணெதிரே பீரோவைத் தூக்குகிறானே.

அவன் வண்டிச்சாவி வாங்கப் போகும் நேரம் எனக்குப் போதும். தினம் இரண்டு அமுக்கு. கொஞ்சம் எடுத்து ஒரு காலி டப்பாவிலும் பதுக்கிக்கொண்டேன். மூன்று வாரத்தில் தெம்பு வந்ததா, வந்ததென்று நான் நினைத்தேனா தெரியாது. ஆனால் அவனுக்குப் பாட்டில் சீக்கிரம் தீர்ந்தது. அடுத்த வாரமே படியில் பெருமூச்சு விட்டான். ஒரு குளிர்பெட்டியை ஏற்றும்போது, "அண்ணே, இன்னைக்குக் கீழ நீங்க வாங்க" என்றான். மனசுக்குள் மேளம் கொட்டியது.

பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவன் படியிலேயே உட்கார்ந்தான்.

"மருந்து தீந்துபோச்சுண்ணே. ஆஸ்பத்திரியில தேதிக்கு முன்னாடி தர மாட்டாங்களாம். நீ ரெண்டு மடங்கு பூசறன்னு நர்ஸ் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. நான் சத்தியமா பூசலண்ணே."

"என்ன மருந்து?"

"மண்டைக்குள்ள பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்காம். எனக்கு அது சரியா வேலை செய்யல. ஆம்பளைக்கு ஊற வேண்டியது ஊறல. தாடி நின்னுபோச்சு, எப்பவும் தூக்கம், பொண்டாட்டி பக்கமே போகல. மூணு வருஷம் முன்னாடி என்னை நீங்க பாத்திருக்கணும்." என் கன்னத்தைக் கைகாட்டினான். "இப்ப உங்களப் பாத்தா அப்ப நான் இருந்த மாதிரியே இருக்கு. அக்காகிட்டயும் சொன்னேன். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல வாங்க, ரத்தம் குடுத்துட்டு வந்துரலாம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இவனுக்கு இருந்த குறை எனக்கும் இருக்கிறது என்று தாளில் எழுதி வருவதா? மறுநாள் குளித்துவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்ததை முழுக்க வழித்துத் தோளில் தொடங்கி முழங்கை மடிப்பு வரை பூசிக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிறவன் தெம்போடு போகட்டும் என்று.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இருபது வயசுப் பையனுக்குக்கூட இவ்வளவு இருக்காது. ரத்தம் எடுத்த கையில ஏதாவது பூசியிருந்தீங்களா?"

பக்கத்து நாற்காலியில் சகலை. ஒரு "இல்லை" போதும், நான் இருபது வயசுப் பையன். வீட்டில் போய்த் தாளைக் காட்டலாம். அப்புறம் என்ன? மத்தியானம் கண் செருகும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன். இல்லாத ஒருத்தியை அவள் தேடிக்கொண்டே இருப்பாள்.

"பூசினேம்மா. இவன் மருந்தை. மூணு வாரமா."

தூக்குவதற்கு முன் பீரோவை எங்கே பிடிப்பது என்று பார்ப்போமே, அப்படி என்னைப் பார்த்தான் சகலை.

"இன்னொருத்தர் மருந்தைத் தொடாதீங்க" என்றார் மருத்துவர். "ஒரு மாசம் எதுவும் பூசாம வாங்க. மறுபடி பாக்கலாம்." நர்ஸைக் கூப்பிட்டுச் சகலைக்குப் புது பாட்டில் கொடுக்கச் சொன்னார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்ப அவ இல்லையா?" என்றாள்.

சகலை பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள், நான்காவது மாடிக்கு ஒரு துணிதுவைக்கும் இயந்திரம். அவன் விறுவிறுவென்று மேல்முனைக்குப் போய் நின்றான்.

"கீழ நில்லுங்க. அதுக்குத்தான ஆசப்பட்டீங்க?"

நின்றேன். முதல் மாடி ஏறினோம். இரண்டாவதில் கால் பின்னியது, முகம் சுட்டது. அவன் மேலேயிருந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இறக்கு" என்றேன்.

மெதுவாக இறக்கினான். படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கோவம் போச்சா?" என்றேன்.

"போகல. திருடினதுகூடப் பரவால்ல. அந்த நர்ஸ் முன்னாடி என்னப் பொய்யனாக்கிட்டீங்க."

"அவங்ககிட்ட நானே வந்து சொல்றேன்." மூச்சு வாங்கியது. "ஆனா இன்னைக்கும் உன்னப் பாத்தா எனக்கு எரியத்தான்டா செய்யுது."

"தெரியும்ணே. உக்காந்து நல்லா எரிங்க. இன்னும் ரெண்டு மாடி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து கீழ்முனைக்குப் போனான்.