ஆறாத விரல்

கோட்டுக்குக் கை இரண்டு என்பது தைக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். அதில் ஒன்று இடது, ஒன்று வலது என்று வர வேண்டுமானால், துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்துப் போட்டு வெட்ட வேண்டும். அந்தத் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவர் கட்டிங் மாஸ்டர். அன்று காலை இரண்டு அடுக்கையும் ஒரே பக்கமாகப் போட்டுக் கத்தரியை ஓட்டியவரும் அவரேதான்.

துணி, வாடிக்கையாளர் வெளியூரிலிருந்து ஆசையாக வாங்கி வந்தது. அதே ரகம் மறுபடி கிடைக்காது. மிஷினில் உட்கார்ந்திருந்த சுருட்டைதான் முதலில் கவனித்தான். சுருட்டைக்கு இப்போது தலையில் முடியே கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"மாஸ்டர், ரெண்டுமே இடது கையா இருக்கே."

"நீ மாத்தி எடுத்திருப்ப. ஒழுங்காப் பாரு."

சுருட்டை இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றாக மேஜையில் வைத்தான். அச்சு அசலாகப் பொருந்தின. மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"காய்ச்சல்டா. கண்ணெல்லாம் இருட்டுது" என்றார்.

காய்ச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் கத்தரி ஓடும்போது அவர் மனம் துணியில் இல்லை. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வட்டிக்காரர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சங்கதி இதுதான். மாஸ்டரின் மனைவி பொட்டலம் கட்டும் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். கணவன் யாருக்கோ உழைத்தது போதும், சொந்தமாக ஒரு தையல் கடை வைக்க வேண்டும் என்று பல வருஷமாகப் பணம் சேர்த்தாள். சேர்ந்ததை எல்லாம் பேங்கில் போடச் சொல்லி அவரிடம்தான் கொடுத்தாள். மாஸ்டர் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, பணம் இரட்டிப்பாகும் என்று ஒரு நிறுவனத்தில் போட்டார். அந்த நிறுவனம் போர்டைக்கூட விட்டுவைக்காமல் கம்பி நீட்டியது. போனதை மீட்கிறேன் பேர்வழி என்று வட்டிக்குக் கடன் வாங்கி இன்னொன்றில் போட்டார். அதுவும் கோவிந்தா. வீட்டில் மூச்சு விடவில்லை.

வாய்தான் பேசவில்லை, உடம்பு பேச ஆரம்பித்தது. தூக்கம் போயிற்று. வயிறு எரிந்தது. ஒரு சளி விட்டால் அடுத்த சளி பிடித்தது. வாய்க்குள் புண் வந்தது. கட்டைவிரலில் ஊசி குத்திய சின்னக் காயம், வழக்கமாகத் தானே காய்ந்துவிடுவது, சீழ் வைத்துக்கொண்டு ஆறவே மாட்டேன் என்றது. "சீதோஷ்ணம் சரியில்லை" என்று எல்லாப் பழியையும் மாஸ்டர் வானத்தின் மேல் போட்டார். வானம் என்ன திருப்பியா கேட்கப் போகிறது?

சுருட்டை மனசு கேட்காமல் மாஸ்டரின் மனைவிக்குப் போன் போட்டான். "அக்கா, அண்ணன் பழைய மாதிரி இல்ல. ஒரு நல்ல டாக்டரா பாருங்க." மறுநாளே அவள் சம்பளத்தை விட்டு லீவு போட்டாள். மாஸ்டரை இழுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை, வேறு கோளாறும் இல்லை.

முடிவைப் படித்துவிட்டு டாக்டரம்மா கேட்டார். "ராத்திரி நல்லாத் தூங்கறீங்களா?"

"தூங்கறேங்க."

"மனசுல ஏதாவது கவலை?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

சுவரில் இருந்த கண் பரிசோதனை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே மாஸ்டர் சொன்னார். மனைவியோ, ரத்தத்தில் அகப்படாத வியாதி என்றால் அது பெரிய வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டாள்.

"டாக்டர், செலவப் பத்தி யோசிக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுங்க. கடை வைக்க பேங்க்ல பணம் போட்டிருக்கோம். கடை கிடக்கட்டும், இவரு நல்லா இருந்தாப் போதும். என்னங்க, இப்பவே போய் எடுத்துட்டு வந்துடுவோமா?"

மாஸ்டருக்கு உடம்பு கூசியது. இருமினார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பேங்க்ல பணம் இல்ல."

"என்னது?"

"அங்க போடவே இல்ல. வேற எடத்துல போட்டேன், போயிடுச்சு. அதுக்கு மேல கடனும் இருக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"எப்ப?"

"போன வருஷம்."

"அதுக்கப்புறந்தானே நாம கடைக்கு எடம் பாக்கப் போனோம்? அட்வான்ஸ் ஜாஸ்தின்னு நீங்க பேரம் பேசினீங்களே. ஜன்னல் பக்கம் மிஷின் போடலாம்னு சொன்னீங்களே."

அந்த நிமிஷம் அவர் பட்ட அவமானத்தை எந்த வட்டிக்காரனும் அவருக்குத் தந்ததில்லை. பணம் போனதைவிட அந்த ஜன்னலைக் காட்டியதுதான் பெரிய பாவமாகப் பட்டது. அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. ஓயாம பயந்துகிட்டு, தூங்காம இருந்தா உடம்போட எதிர்ப்பு சக்தி குறைஞ்சுடும். சளி விடாது. புண்ணு லேசுல ஆறாது. நான் விரலுக்கு மருந்து தரேன். பயத்துக்கு உங்க வீட்டுலதான் மருந்து இருக்கு."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து, டாக்டரம்மா நீட்டிய மருந்துச் சீட்டை வாங்கி மடித்தாள்.

"பணம் போனது எனக்கு வலிக்குது, வலிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்கு உங்க மூஞ்சியப் பாத்துப் பேசவும் முடியாது. ஆனா நாளைக்கு கடன் கொடுத்தவர்கிட்ட நானும் வரேன். ரெண்டு பேருமா உக்காந்து பேசுவோம்."

"என்னை மன்னிச்சுடு" என்றார் மாஸ்டர்.

"அது அப்புறம். இத மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க. கடன வீட்டுல சொல்லியிருந்தா அது நம்ம ரெண்டு பேரோட கஷ்டமா இருந்திருக்கும். சொல்லாம உள்ளயே வச்சீங்க, அது வியாதியாயிடுச்சு."