ஆண்கள் வார்டில் ஸ்கேன்

அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இயந்திரம் கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான். வியாழக்கிழமைகளில் உதியன்குளங்கரை, கொல்லயில் பக்கத்துப் பெண்கள் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு வராந்தாவில் காத்திருப்பார்கள். அதிகம் பேசமாட்டார்கள்.

1996இல் ஒரு வியாழக்கிழமை, பயிற்சி மருத்துவர் ஸ்ரீகலா அந்த இயந்திரத்தை ஆண்கள் வார்டுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

"ஆம்பிளைக்கு இது எத்தனாவது மாசமாம்?" என்றாள் வரிசையில் முதலில் நின்ற தன்யா. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடிய நிலையில் யாரும் இல்லை.

வார்டில், அம்பூரியில் ரப்பர் வெட்டும் ராபின்சன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். இரத்த அழுத்தம் எழுபது. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. இதயம் பலவீனமாகிவிட்டது என்பது பெரிய டாக்டர் ரமணனின் முடிவு. தண்ணீர் கொடுக்கக் கூடாது, நீர் பிரிய இன்னொரு ஊசி போட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஊசி தட்டில் தயாராக இருந்தது. இதயத்தைச் சுற்றி நீர் கட்டி அதை நசுக்கிக்கொண்டிருந்தால், உடம்பின் நீரை இறக்கும் அந்த ஊசி இதயத்துக்கு வரும் இரத்தத்தையும் குறைத்து ஆளைக் கொன்றுவிடும் என்று ஸ்ரீகலாவுக்குத் தோன்றியது. தோன்றியதை வைத்துப் பெரிய டாக்டரிடம் பேச முடியாது.

இயந்திரத்தையும் அதன் ஸ்டெபிலைசரையும் கொண்டுவர அரைமணி நேரம் ஆனது. அதற்குள் அழுத்தம் எண்பதாகியிருந்தது. காரணம் புரியாமல், ஸ்ரீகலா ராபின்சனின் மனைவி விமலகுமாரியிடம் கேட்டாள்.

"ஸ்கேனுண்ணு சொன்னியளே டாக்டரே. மூணு கிளாஸ் வெள்ளம் குடுத்தேன். என் ரெண்டு பிள்ளைக்கும் அப்பிடித்தான் எடுத்தது."

அன்று அவருக்குக் கிடைத்த ஒரே சரியான வைத்தியம் அதுவாக இருக்கலாம். ஸ்ரீகலா ஸ்கேன் கருவியை அவர் நெஞ்சில் வைத்தாள்.

திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். நடுவே இதயம் நசுங்கித் துடித்தது. ஆளனுப்பி ரமணனை வரவழைத்தாள். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"எனக்கு இது வாசிக்கத் தெரியாது," என்றார். "நீ இதுமாதிரி எத்தன பாத்திருக்க?"

"ரெண்டு, சார்."

ரமணன் தட்டிலிருந்த ஊசியின் மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டு, நீளமான ஊசி கேட்டார்.

"நீ பாத்துச் சொல்லு, நான் குத்துதேன். தப்புண்ணா ரெண்டு பேருக்கும் தப்பாக்கும்."

கலங்கிய மஞ்சள் நிறத்தில் நூற்றைம்பது மில்லி நீர் வந்தது. அழுத்தம் நூறைத் தாண்டியது. ஸ்ரீகலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இதயம் விரிந்து சுருங்கியது.

மூன்று நாட்களாக உட்கார்ந்தே தூங்கிய ராபின்சன் தலையணையைத் திரும்பிப் பார்த்தார்.

"இனி மலந்து படுக்கலாமா, டாக்டரே?"

ரமணன் ஸ்ரீகலாவைப் பார்த்தார்.

"படுங்க," என்றாள்.